வண்டியை விட்டார்கள், சாவியை விடவில்லை

- மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் பிரிவு

நல்லா ஓடுகிற ஒரு வண்டியை ஒரே ராத்திரியில் குப்பையாக்குவது எப்படி என்று கேட்டால் நம்ம ஆட்டோமொபைல் பிரிவு நண்பர்கள் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். ஆயில் இல்லாமல் ஓட்டு, ரேடியேட்டரில் தண்ணி ஊத்தாதே, இப்படி. அமெரிக்காவில் இதைவிடச் சுலபமான ஒரு வழி இருக்கிறது. வண்டியைத் தொடவே வேண்டாம். எங்கோ இருக்கிற கம்ப்யூட்டர் ஒன்றை நிறுத்தினால் போதும். ஊர் முழுக்க நிற்கிற வாடகை ஸ்கூட்டர்கள் அத்தனையும் அதோடு சரி. மோட்டார் நன்றாக இருக்கும், பேட்டரியில் சார்ஜ் இருக்கும், டயரில் காற்று இருக்கும். ஆனால் ஓடாது!

ஸ்கூட்டர் என்றதும் நம்ம ஊர் வண்டியை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது நின்றுகொண்டே ஓட்டுகிற ஒல்லி வண்டி. குழந்தைகள் காலால் தள்ளி ஓட்டுமே, அதற்கு மோட்டார் வைத்த மாதிரி. 2017 செப்டம்பரில் கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகா நகரத்தில் 'பேர்ட்' என்ற கம்பெனி இதை வாடகைக்கு விட ஆரம்பித்தது. ஸ்டாண்ட் கிடையாது, கடை கிடையாது. செல்போனை வைத்து வண்டியின் மேல் இருக்கிற குறியீட்டைக் காட்டினால் பூட்டு திறக்கும். போகிற இடத்தில் இறங்கி அப்படியே நடைபாதையில் விட்டுவிட்டுப் போகலாம். பின்னாலேயே லைம், ஸ்பின் என்று வரிசையாக வந்தார்கள். 2018-இல் பேர்டின் மதிப்பு 200 கோடி டாலர் என்று முதலீட்டாளர்கள் போட்டார்கள். 2023 டிசம்பரில் அதே பேர்ட் திவால் மனு போட்டது! (அப்புறம் வேறு கைக்குப் போய் இன்னும் ஓடுகிறது, அது வேறு கதை.) அதே மாதக் கடைசியில் சூப்பர்பெடஸ்ட்ரியன் என்ற இன்னொரு கம்பெனி அமெரிக்காவில் கடையைக் கட்டியது. அதன் வண்டிகள் 20 ஆயிரத்துக்கும் மேல் ஏலத்துக்கு வந்தன. பாரிஸ் நகரத்தில் 2023 ஏப்ரலில் ஓட்டெடுப்பு நடத்தி, செப்டம்பரில் வாடகை ஸ்கூட்டரே வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். 2020-இல் ஊபர் கம்பெனி தன் 'ஜம்ப்' சைக்கிள் தொழிலை லைமுக்குக் கைமாற்றிய கையோடு, மீதியிருந்த மின்சார சைக்கிள்களை ஆயிரக்கணக்கில் நசுக்கிப் போட்டது. அந்த வீடியோவைப் பார்த்தவர்களுக்கு வயிறு எரிந்திருக்கும். எனக்கு எரிந்தது.

இதெல்லாம் அவர்கள் நாட்டு விவகாரம், நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டாதீர்கள். முதலில் அந்த வண்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். புரட்டுவதா வேண்டாமா என்று அப்புறம் முடிவு செய்யுங்கள்.

பேர்ட் முதலில் தெருவில் விட்டது ஷாவ்மியின் எம்365 என்ற மாடல். கடையில் யாரும் வாங்கக்கூடிய சாதாரண வண்டிதான். முன் சக்கரத்துக்குள்ளேயே 250 வாட் பிரஷ்லெஸ் மோட்டார். அதிலிருந்து மூன்று தடித்த கம்பி, ஐந்து மெல்லிய கம்பி வெளியே வரும். தடித்தவை மூன்று ஃபேஸ். மெல்லியவை ஹால் சென்சாருக்கு. இரண்டாம் வருஷ மெஷின்ஸ் லேபில் நாம் ஒரு தடவை தொட்டுப் பார்க்க வரிசையில் நிற்கிறோமே, அந்த மாதிரி சரக்கு. மூன்று ஃபேஸ் கம்பிகளின் முனைகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள், சேறு மிதிப்பது போல் கனமாக இருக்கும். பிரித்துவிட்டால் லேசாகச் சுற்றும். பேக் ஈ.எம்.எஃப். என்று போர்டில் ஒரு மணி நேரம் எழுதினாலும் மண்டையில் ஏறாதது இந்த ஒரு சுற்றில் ஏறிவிடும். ஆறு டயோடு போட்டு பிரிட்ஜ் கட்டினால் அதே மோட்டார் ஜெனரேட்டர். மொட்டை மாடியில் காற்றாடி வைக்க நினைக்கிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

கால் வைக்கிற பலகைக்கு அடியில் கன்ட்ரோலர். ஆறு மாஸ்ஃபெட், மூன்று ஜோடியாக. அவற்றை ஓட்டுவது எஸ்.டி.எம்.32 மைக்ரோகன்ட்ரோலர். ரிச்சி தெருவில் பார்ட்ஸ் லிஸ்டோடு வெயிலில் நின்றவர்களுக்குத் தெரியும், இதையெல்லாம் தனித்தனியாக வாங்கினால் பர்ஸ் என்ன ஆகும் என்று. கைப்பிடியில் ஆக்சிலேட்டர், அதுவும் ஒரு காந்தமும் ஹால் சென்சாரும்தான். 5 வோல்ட் கொடுத்தால் திருகத் திருக ஏறத்தாழ 1 வோல்ட்டிலிருந்து 4 வோல்ட் வரை ஏறும். உங்கள் புராஜெக்ட்டில் எதை வேண்டுமானாலும் இதை வைத்து ஓட்டலாம். வாடகை வண்டி என்பதால் கூடுதலாக ஒரு பெட்டி: அதில் ஜி.பி.எஸ்., செல்போன் மோடம், ஒரு சிம். ஜி.பி.எஸ். மாட்யூலை எடுத்து சீரியல் போர்ட்டில் மாட்டினால் எழுத்து எழுத்தாகத் தன் இடத்தைச் சொல்லும். சிம்மை மட்டும் தொடாதீர்கள். அதன் பில் யார் தலையிலோ விழும், அது திருட்டு.

பேட்டரி? அதுதான் பெரிய கதை. கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

இத்தனையும் நன்றாக இருக்கும்போது வண்டி ஏன் ஓடவில்லை என்பதற்கு வருகிறேன். கடையில் விற்கிற எம்365-இல் கைப்பிடியில் இருக்கிற டிஸ்ப்ளே போர்டும் கீழே இருக்கிற கன்ட்ரோலரும் ஒரே ஒரு சிக்னல் கம்பியில் மாறி மாறிப் பேசிக்கொள்கின்றன. திருகினான், பிரேக் பிடித்தான் என்று மேலே இருப்பது சொல்லும். கீழே இருப்பது கேட்கும். வாடகை வண்டியில் இந்தப் பேச்சுக்கு நடுவில் கம்பெனியின் பெட்டி உட்கார்ந்துகொள்கிறது. அது 'சரி' என்றால்தான் ஓடும். அதற்கு 'சரி' சொல்வது சர்வர். சர்வர் போனால் பெட்டி ஊமை. பெட்டி ஊமையானால் 250 வாட் மோட்டாரும் காயலாங்கடைச் சரக்கு. தேய்ந்து போய் வண்டி சாகவில்லை ஐயா, அனுமதி இல்லாமல் சாகிறது!

தேய்மானமும் இருந்தது, மறைக்கவில்லை. லூயிவில் நகரம் வெளியிட்ட பயணக் கணக்கை 2019-இல் குவார்ட்ஸ் பத்திரிகை அலசியபோது, அங்கே முதலில் விடப்பட்ட வண்டிகளின் சராசரி ஆயுள் ஒரு மாதம்கூட இல்லை என்று வந்தது. வீட்டு உபயோகத்துக்குச் செய்த வண்டியை நாளெல்லாம் ஊரே ஓட்டினால் வேறென்ன ஆகும்? பின்னால் வந்த மாடல்கள் கெட்டியாக வந்தன. ஆனால் அதே 2019-இல் நார்த் கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு வாடகை ஸ்கூட்டர் காற்றில் சேர்க்கிற கரியில் பாதி, அதைத் தயாரிப்பதிலேயே வந்துவிடுகிறது. இன்னொரு 43 சதவீதம் ராத்திரி வேன் வைத்து அள்ளிக்கொண்டு போவதில் வருகிறது. சார்ஜ் போடுகிற கரண்ட்டுக்கு 5 சதவீதம்கூட இல்லை என்றார்கள். அதாவது வண்டியைச் செய்து முடித்தபோதே பாதிப் பாவம் சேர்ந்தாயிற்று. அப்புறம் அதை எத்தனை நாள் ஓட வைக்கிறோம் என்பதுதான் கேள்வி. சர்வரை நிறுத்தி நசுக்குவது எந்த ஊர் சுற்றுச்சூழல் என்று எனக்குப் புரியவில்லை.

இதைத் திறக்க முயன்றவர்களுக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2018-இலேயே அங்கே ஒரு சின்ன வியாபாரம் கிளம்பியது. நடைபாதையை அடைத்து நிற்கிற ஸ்கூட்டர்களை நகராட்சி தூக்கிக்கொண்டு போகும். கம்பெனி வந்து அபராதம் கட்டி எடுக்கவில்லையென்றால் ஏலம். ஏலத்தில் எடுத்தவர், சுமார் 30 டாலருக்கு சீனாவிலிருந்து வருகிற ஒரு போர்டை வாங்கி, கம்பெனி போர்டைக் கழற்றிவிட்டு இதை மாட்டுவார். ஸ்கூட்டர் சொந்த வண்டியாகிவிடும். பூட்டை உடைக்கவில்லை, கவனியுங்கள், கதவையே மாற்றிவிட்டார்கள். இதைப் பற்றி கோரி டாக்டரோ என்ற எழுத்தாளர் போயிங் போயிங் என்ற இணைய இதழில் எழுதினார். உடனே பேர்ட் கம்பெனியிடமிருந்து வக்கீல் கடிதம், பதிப்புரிமைச் சட்டத்தை மீறுகிறீர்கள், கட்டுரையை எடு என்று. பதிப்புரிமை என்பது பாட்டுக்கும் புத்தகத்துக்கும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 1998-இல் அமெரிக்கா போட்ட சட்டத்தின்படி சாஃப்ட்வேர் பூட்டைத் தாண்டுவதும் அதற்குள் வந்துவிடும். எலெக்ட்ரானிக் ஃபிரண்டியர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2019 ஜனவரியில் பதில் எழுதியது: போர்டையே கழற்றி எறிந்த பிறகு எந்தப் பூட்டைத் தாண்டினார்கள் என்கிறீர்கள்? கம்பெனி மன்னிப்புக் கேட்டுப் பின்வாங்கியது. 30 டாலர் போர்டுக்கு இத்தனை ஆர்ப்பாட்டம்!

இங்கே ஒரு விஷயத்தில் நான் கறாராக இருக்க விரும்புகிறேன். தெருவில் கேட்பாரற்று நிற்கிறது என்பதால் ஒரு வண்டி அநாதை ஆகிவிடாது. அங்கே சில பையன்கள் ஓடிக்கொண்டிருக்கிற கம்பெனியின் வண்டியையே புதருக்குள் இழுத்துப் போய்ப் பிரித்து, "கைவிடப்பட்டது" என்று பேர் வைத்துக்கொள்கிறார்கள். கைவிட்டது யார்? நேற்று ராத்திரி ஓட்டியவன் விட்டுவிட்டுப் போயிருப்பான், அவ்வளவுதான். கம்பெனி திவாலானாலும் சொத்து காற்றில் மிதப்பதில்லை. கோர்ட், கடன்காரர் என்று ஒரு கணக்கு இருக்கிறது. ஹாஸ்டல் வாசலில் பத்து நாள் நிற்கிற சைக்கிளின் டைனமோவைக் கழற்றுகிறவனுக்கு நாம் என்ன பெயர் வைப்போமோ அதே பெயர்தான் இவர்களுக்கும். அவன் கையில் எஸ்.டி.எம்.32 புரோகிராமர் இருந்தால் மட்டும் அவன் ஆராய்ச்சியாளன் ஆகிவிடுவானா?

ஆனால் ஏலத்தில் காசு கொடுத்து எடுத்தவன் கதை வேறு. அவனுக்கு வண்டி சொந்தம், மோட்டார் சொந்தம், பேட்டரி சொந்தம், சாவி மட்டும் சொந்தமில்லை. அதுவும் சூப்பர்பெடஸ்ட்ரியன் மாதிரி எலெக்ட்ரானிக்ஸ் முழுக்கத் தானே வடிவமைத்த கம்பெனி என்றால் மாற்று போர்டு எளிதில் கிடைக்காது. வீட்டை விற்றுவிட்டுப் பூட்டிய சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போகிற ஆளை நம்ம ஊரில் பஞ்சாயத்தில் நிறுத்துவார்கள். அங்கே அதற்கு ஒரு பஞ்சாயத்தும் இல்லை.

என் யோசனை ஒன்றே ஒன்று. நகரத்துக்குள் வண்டி விட லைசென்ஸ் கேட்டு வரும்போதே, ஒவ்வொரு வண்டிக்கும் உரிய சாவியை, அதாவது கன்ட்ரோலரைத் திறக்கிற கோடையும் சாதாரண வண்டியாக மாற்றுகிற சாஃப்ட்வேரையும், நகராட்சியிடம் கட்டிவைக்க வேண்டும். டெபாசிட் கட்டுவது மாதிரி. கம்பெனி ஓடுகிறவரை உறையைப் பிரிக்கக் கூடாது. கடையை மூடினால், ஏலத்தில் எடுத்தவனிடம் வண்டியோடு சாவியும் கைமாற வேண்டும், ஆர்.சி. புக் மாறுவது போல. முடியாத காரியமா? லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 2018-இலேயே ஒரு தகவல் முறை வகுத்து, எந்த வண்டி எங்கே நிற்கிறது, எங்கே போகிறது என்று கம்பெனிகளிடம் கேட்டு வாங்க ஆரம்பித்தது. மற்ற பல நகரங்களும் அதையே பிடித்துக்கொண்டன. ஒவ்வொரு வண்டியின் நடமாட்டத்தையும் கேட்டு வாங்கத் தெரிந்தவர்களுக்குச் சாவியைக் கேட்கத் தெரியாதா?

சாவி வெளியே கசிந்தால் திருட்டு கூடுமே என்று கேட்பார்கள். எல்லா வண்டிக்கும் ஒரே சாவி போட்டால் கூடும்தான். வண்டிக்கு ஒன்று போடுங்கள். பழைய வண்டியில் விழுந்து அடிபட்டால் யார் பொறுப்பு என்பார்கள். ஏலத்தில் பழைய லாரி வாங்குகிறவனுக்கு யார் பொறுப்போ அவர்தான். இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். தண்ணீர் புகுந்த பேட்டரியோடு வருகிற வண்டியைச் சோதிக்காமல் விற்கக் கூடாது. ஓக்லண்ட் நகரத்து மெரிட் ஏரியிலிருந்து 2018-இல் ஸ்கூட்டர்களைத் தூண்டில் போடாத குறையாக இழுத்தெடுத்தார்கள். அதையெல்லாம் யாரும் ஓட்டப் போவதில்லை. ஆனால் ஏரியில் விழுந்ததும் ஏலத்துக்கு வந்ததும் ஒரே கிடங்கில், ஒரே நசுக்கும் மெஷினுக்குப் போவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

இந்த யோசனை ஆகாசத்திலிருந்து வரவில்லை. 2023 ஜூலையில் வான்மூஃப் என்ற டச்சு மின்சார சைக்கிள் கம்பெனி திவாலானது. அது வாடகை இல்லை, காசு கொடுத்து வாங்கியவர்கள் வண்டி. சர்வர் நின்றால் நம்ம சைக்கிளை நாமே திறக்க முடியாதே என்று அவர்கள் பதறியபோது, போட்டிக் கம்பெனியான பெல்ஜியத்து கவ்பாய், அவரவர் சாவியை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ள ஒரு ஆப் செய்து கொடுத்தது. போட்டிக்காரனுக்கு இருந்த மனசு! ஐரோப்பிய யூனியன் அதே 2023-இல் கொண்டுவந்த பேட்டரி சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. இந்த மாதிரி சிறு வண்டிகளின் பேட்டரியை, அதற்குள் இருக்கிற தனித்தனி செல்லைக்கூட, வெளி மெக்கானிக் ஒருவர் கழற்றி மாற்ற முடிய வேண்டும்; மாற்றுவதை சாஃப்ட்வேர் வைத்துத் தடுக்கக் கூடாது. 2027 பிப்ரவரி 18 முதல் என்று அந்தச் சட்டத்தில் தேதி போட்டிருக்கிறார்கள். பேட்டரிக்கு வந்த ஞானம் கன்ட்ரோலருக்கும் வர எத்தனை வருஷம் ஆகுமோ.

இப்போது நம்ம பக்கம். வாடகை வண்டி விட்டுவிட்டுப் போகிற கூத்தை நம்ம மாநிலமும் பார்த்திருக்கிறது. பீகிங் பல்கலைக்கழக மாணவர்கள் 2014-இல் ஆரம்பித்த ஓஃபோ, மஞ்சள் சைக்கிள்களோடு கோவைக்கு வந்தது. 2018-இல் இந்தியாவை விட்டே போனது. அது மிதிக்கிற சைக்கிள், பூட்டில் மட்டும்தான் எலெக்ட்ரானிக்ஸ். அடுத்து வருகிற கம்பெனி எதுவானாலும் அதில் மோட்டாரும் லித்தியம் பேட்டரியும் இருக்கும். அவற்றைப் பிரித்துப் பார்க்கப் போகிறவர்கள் யார்? ஐ.ஐ.டி.யில் இருப்பவர்கள் பேப்பர் எழுதுவார்கள். ஸ்குரூ டிரைவரை எடுக்கப்போவது நாம்தான். அதனால்தான் பேட்டரியைக் கடைசிக்கு வைத்தேன்.

எம்365 பேட்டரியில் 30 செல். 18650 என்கிற கட்டைவிரல் சைஸ் செல்கள், மூன்று மூன்றாகப் பக்கவாட்டில் இணைத்து, அந்த மாதிரி பத்துக் கட்டைத் தொடராக இணைத்திருப்பார்கள். 36 வோல்ட், 7.8 ஆம்பியர் அவர். முழு சார்ஜில் 42 வோல்ட் நிற்கும். 42 வோல்ட் ஷாக் அடிக்காது என்று அலட்சியமாக மோதிரத்தோடு கை வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஷாக் அடிக்காது, சரி. ஆனால் ஷார்ட் ஆனால் மோதிரம் பழுத்துவிடும், விரலோடு! முதலில் மோதிரத்தையும் வாட்சையும் கழற்றுங்கள். ஸ்பாட் வெல்டிங் செய்த நிக்கல் பட்டையை ஒவ்வொன்றாக வெட்டுங்கள், வெட்டின இடத்தை உடனே டேப் போட்டு மூடுங்கள். உப்பிய செல், துரு ஏறிய செல், இனிப்பு வாடை வருகிற செல் எதையும் சோதிக்கவே வேண்டாம். தனி மணல் வாளி.

மீதியில் ஒவ்வொரு செல்லையும் மல்டிமீட்டரில் பாருங்கள். 2 வோல்ட்டுக்குக் கீழே வெகுநாள் கிடந்த செல்லை எழுப்பப் பார்க்காதீர்கள். உள்ளே செம்பு கரைந்து, சார்ஜ் ஏற்றும்போது தாறுமாறாகப் படிந்து உள்ளேயே ஷார்ட் ஆகலாம். சார்ஜர் காட்டுகிற பச்சை விளக்கு இதைச் சொல்லாது. தேறியவற்றை 4.2 வோல்ட்டுக்கு ஏற்றி, இரண்டு மூன்று வாரம் சும்மா வைத்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும். இந்த மூன்று வாரம்தான் நம்ம பசங்களுக்கு ஆகாது! புராஜெக்ட் ரெவ்யூ நாளன்னிக்கு இருக்கும். ஆனால் கூட்டத்தோடு நிற்காமல் தனியாக இறங்கிப் போகிற செல்லை வேறு எந்தச் சோதனையிலும் அவ்வளவு சுலபமாகப் பிடிக்க முடியாது. அப்புறம் 1 ஆம்பியரில் 3 வோல்ட் வரை இறக்கி நேரத்தைக் குறியுங்கள். புதிதில் ஒரு செல் 2.6 ஆம்பியர் அவர். இரண்டு மணி நேரம் தாங்கினால் முக்கால் பங்குக்கு மேல் உயிர் இருக்கிறது, பேட்டரி விளக்குக்கும் சின்ன யு.பி.எஸ்.ஸுக்கும் தாராளம். எண்ணை மார்க்கர் பேனாவால் செல் மேலேயே எழுதுங்கள். ஒரே அளவு உள்ளவற்றை மட்டும் சேர்த்துக் கட்டுங்கள், பி.எம்.எஸ். போர்டு இல்லாமல் கட்டாதீர்கள்.

சந்தையில் 9800 மில்லி ஆம்பியர் அவர் என்று லேபிள் ஒட்டிய 18650 செல் விற்கிறார்கள். இந்த சைஸில் அதில் பாதி கொள்ளளவுகூடக் கிடையாது. அந்த லேபிளுக்குள் இருப்பது எங்கிருந்து, எந்த வண்டியிலிருந்து, எத்தனை தடவை கைமாறி வந்தது என்று விற்கிறவருக்கே தெரியாது. நான் மேலே சொன்ன சோதனை எதுவும் நடந்திருக்காது. அதை வாங்கி, ஹாஸ்டல் கட்டிலுக்கு அடியில் ராத்திரி சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குகிற நண்பர்களே, பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டாவது போடுங்கள்.

நம்ம டிபார்ட்மெண்டிடமும் ஒரு விண்ணப்பம். லேபில் ஒரு செல் டெஸ்டரும், ஒரு மணல் வாளியும், தீப்பிடிக்காத ஒரு மேஜையும் போட்டுக்கொடுத்தால், செல் கொண்டுவருகிறவன் அறையில் வைத்துச் செய்ய மாட்டான். 2022-இல் வந்த பேட்டரி கழிவு விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்ப எடுக்க வேண்டிய பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு இருக்கிறது. தேறாத செல்லை அந்த வழியில் அனுப்பக் கல்லூரி மூலமாக ஏற்பாடு செய்யலாம். ஒரு மாணவன் தனியாகக் கொண்டு போனால் யார் வாங்குவார்கள்?

மோட்டாரின் பேரிங், மடக்குகிற இடத்தில் விடுகிற வெடிப்பு இதையெல்லாம் பற்றி நான் ஒரு வரியும் எழுதவில்லை. அது மெக்கானிக்கல் நண்பர்களின் ஏரியா. அடுத்த மலரில் அவர்கள் எழுதட்டும்.